மலிவு விஸ்கியில் ஏறிய புகை

ஸ்காட்லாந்தின் ஐலே தீவுக்கு நிலக்கரி கடல் கடந்துதான் வரவேண்டும். கையருகே கிடந்தது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட். முளைகட்டிய பார்லியை அதை எரித்தே உலர்த்தினார்கள். ஈரம் காயாத உமியில் ஒட்டிய புகையின் பீனால்கள் வடித்த சாராயம் வரை வந்து சேர்ந்தன. இன்று உயர்ரசனையாகப் பேசப்படும் புகைமணம் இப்படிக் கைக்கெட்டிய எரிபொருளில் பிறந்ததுதான். அதை மலிவான கலப்பு விஸ்கியில் தேடுவது தாழ்ந்த ரசனை ஆகாது.

1830இல் ஈனியாஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர்வடிகலன் மென்மையான தானிய விஸ்கியைக் குறைந்த செலவில் ஓயாமல் தந்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டம், வரி கட்டும் முன்பே கிடங்கில் அதை முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் விஸ்கியுடன் கலக்க வழிவிட்டது. விஸ்கி வணிகர் பீட்டர் மெக்கி, ஐலேயின் லாகவூலின் வடிசாலையின் புகையைத் தம் ஒயிட் ஹார்ஸ் என்ற கலவைக்கு உயிராக்கினார். கலப்பதே ஏமாற்று என்ற வாதம் அன்றே எழுந்தது. லண்டனின் இஸ்லிங்டனில் 1905இல் வழக்கே போட்டார்கள். 1909இல் அரச ஆணையம் மால்ட், தானியம் இரண்டையுமே விஸ்கி என்று ஏற்றது. எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி மூக்கு. பீனால் மிகச் சிறிய அளவிலேயே மணக்கும் என்பதால், கொஞ்சம் புகைமால்ட் சேர்த்தாலே முழுக் கலவையும் கமழும், விலையும் ஏறாது. சில சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்தால் முதலில் அணைந்த விறகடுப்பின் வாசம், பின்னாலேயே தானிய விஸ்கியின் வெனிலா இனிப்பு. மால்ட்டின் கனம் இதில் குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இனிப்பு புகையின் காரத்தைத் தணித்து, அதைத் தனியே நின்று கவனிக்க வைக்கிறது.