பத்தொன்பது வயதும் பதினான்கு வரிகளும்

ஒரு கவிஞன் நிலைபெற எத்தனை கவிதைகள் எழுத வேண்டும் என்னும் வினா, கவிதை எழுதுவோர் கூடும் அரங்குகளில் ஒருமுறையேனும் எழாமல் இருப்பதில்லை. குறுந்தொகையில் ஒரே பாடலால் நிற்கும் செம்புலப்பெயனீராரின் இயற்பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. பாடலில் வரும் தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது. பத்தாண்டுகள் கவிதையோடு உறவாடிய நம் வட்டத்தின் இம்மலரில், அவ்வாறே ஒரு கவிதையால் அறியப்படும் ஓர் அயல்நாட்டு இளைஞனைப் பற்றியும், அவனைப் பெற்ற குடும்பத்தைப் பற்றியும் எழுதுவது பொருத்தமாகும் என எண்ணினேன்.

அவன் பெயர் ஜான் கில்லெஸ்பி மகீ. 1922ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தான். அதே பெயர் கொண்ட தந்தை ஜான் மகீ, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தவர். 1912இல் சீனா சென்று நான்ஜிங்கில் சமயப் பணியாற்றியவர். தாய் ஃபெயித் பேக்ஹவுஸ் ஆங்கிலேயர். அவரும் சமயப் பணிக்காகவே சீனா சென்றவர். இருவரும் 1921இல் மணந்துகொண்டனர். பிறந்த நான்கு ஆண்மக்களுள் மூத்தவன் ஜான். நான்ஜிங்கில் பள்ளிப் படிப்பைத் தொடங்கிய அவன், 1931இல் தாயுடன் இங்கிலாந்து சென்றான். 1935இல் ரக்பி பள்ளியில் சேர்ந்தான்.

முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட பள்ளி அது. அப்பெயர்களுள் ஒன்று கவிஞர் ரூபர்ட் புரூக்கினுடையது. 1915இல் கலிப்போலிப் போர்முனைக்குக் கப்பலில் செல்லும் வழியிலேயே குருதி நஞ்சேறி மறைந்தவர் அவர். இளம் ஜானுக்குப் புரூக் ஆதர்சக் கவிஞரானார். அவர்மீது ஒரு சானெட் எழுதினான். பள்ளியில் அவர் பெற்ற கவிதைப் பரிசைத் தானும் பெற்றான்.

மகன் ரக்பியில் யாப்புப் பயின்றுகொண்டிருந்த நாளில், தந்தை வேறோர் உலகில் இருந்தார். 1937 டிசம்பர் 13ஆம் நாள் ஜப்பானியப் படை நான்ஜிங்கைக் கைப்பற்றியது. தொடர்ந்த வாரங்களில் அந்நகரில் நிகழ்ந்த படுகொலைகளும் பாலியல் வன்கொடுமைகளும் உலகறிந்தவை. வெளியேற வாய்ப்பிருந்தும் தங்கிவிட்ட ஒரு சில மேலைநாட்டவருள் ஜான் மகீயும் ஒருவர். அங்கு அமைந்த பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவுக்கு அவரே தலைவர். தம்மிடமிருந்த 16 மில்லிமீட்டர் திரைப்படக் கருவியால், மருத்துவமனையில் கிடந்தவர்களையும் தெருக்களின் நிலையையும் அவர் மறைவாகப் படம்பிடித்தார். அப்படச்சுருளை அவருடைய நண்பர் ஜார்ஜ் ஃபிட்ச் தம் மேலங்கியின் உட்துணியில் வைத்துத் தைத்து, 1938 தொடக்கத்தில் ஊரைக் கடந்து எடுத்துச் சென்றார். அவ்வாண்டே அதன் காட்சிகள் சில ‘லைஃப்’ இதழில் வெளிவந்தன. 1946இல் தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் தந்தை மகீ நேரில் சாட்சியளித்தார்.

1939 கோடையில் மகன் அமெரிக்கா சென்றான். செப்டம்பரில் போர் மூண்டதால் ரக்பிக்குத் திரும்ப இயலவில்லை. கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளியொன்றில் படிப்பை முடித்தவனுக்குத் தந்தை பயின்ற யேல் பல்கலைக்கழகமே உதவித்தொகையுடன் இடமளித்தது. அவன் அங்கே சேரவில்லை. அமெரிக்கா அப்போது போரில் இறங்காத நாடு. ஆதலின் எல்லை கடந்து, 1940 அக்டோபரில் ராயல் கனடிய விமானப்படையில் சேர்ந்தான். 1941 ஜூனில் விமானி எனத் தேர்ச்சி பெற்று இங்கிலாந்து சென்றான். ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பயிற்சி பெற்ற அந்நாட்களில் பிறந்ததுதான் ‘ஹை ஃபிளைட்’ என்னும் பதினான்கு வரிச் சானெட். 30,000 அடி உயரத்தில் தொடங்கி, தரையிறங்கிய சிறிது நேரத்தில் முடித்ததாக, 1941 செப்டம்பர் 3ஆம் நாளிட்ட கடிதத்தில் பெற்றோருக்கு எழுதினான். கவிதை அக்கடிதத்தின் பின்புறத்தில் இருந்தது.

இதில் கவிஞர்கள் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, இது போர்க்கவிதை அன்று. பகைவனும் இல்லை, வெற்றியும் இல்லை. மண்ணின் பிடியிலிருந்து விடுபட்ட ஓர் உடலின் களிப்பு மட்டுமே உண்டு. எழுதியபோது அவன் போரைக் கண்டதில்லை. அதன்பிறகே டிக்பி தளத்திலிருந்த 412ஆம் படைப்பிரிவில் சேர்ந்தான். நவம்பர் 8ஆம் நாள் பிரான்ஸின் மீது பறந்தபோது, அவனோடு சென்ற நால்வர் அணியில் அவன் ஒருவனே திரும்பினான்.

இரண்டாவது, கவிதையின் சொற்கள் எல்லாம் அவனுடையவை அல்ல. 1938இல் வெளிவந்த ‘இக்காரஸ்’ என்னும் பறத்தல் பற்றிய கவிதைத் தொகுப்பின் சாயல்கள் இதில் உள்ளன. பெரிதும் போற்றப்படும் இறுதித் தொடரே, அத்தொகுப்பில் கத்பர்ட் ஹிக்ஸ் எழுதிய கவிதையின் முடிவில் இருப்பதுதான். இதைக் களவு என்போரும் உளர். படித்தவை நெஞ்சில் ஊறி, எடுத்தது எது, தன்னது எது எனப் பிரித்தறியாத இளமை என்றே நான் கொள்கிறேன். அச்சுக்கென்று அவன் அனுப்பவில்லை; பெற்றோருக்குக் காட்டினான்.

1941 டிசம்பர் 11 முற்பகல், லிங்கன்ஷயர் வானில் மேகத்தின் இடைவெளி வழியே கீழிறங்கிய அவனுடைய விமானம், கிரான்வெல் தளத்துப் பயிற்சி விமானமொன்றுடன் மோதியது. விமானி மூடியைத் தள்ளித் திறந்து எழுந்து குதித்ததை ஓர் உழவர் கண்டார். பாரசூட் விரியும் அளவுக்கு உயரம் இல்லை. அவனுக்கு வயது 19. அமெரிக்கா போரில் இறங்கி மூன்று நாள்களே ஆகியிருந்தன.

தந்தை அப்போது வாஷிங்டனில் தூய யோவான் தேவாலயத்தில் பணியாற்றி வந்தார். மகனின் கவிதையைத் திருச்சபை வெளியீட்டில் அச்சிட்டவர் அவரே. 1942 பிப்ரவரியில் காங்கிரஸ் நூலகத்தின் தலைவரும் கவிஞருமான ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் அதை ஒரு கண்காட்சியில் வைத்தார். 1966இல் விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் அதன் படியொன்றை ஜெமினி 10 கலத்தில் உடன்கொண்டு சென்றார். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய அன்று, குடியரசுத் தலைவர் ரீகன் அதன் தொடர்களால் தம் இரங்கலுரையை முடித்தார்.

ஸ்காப்விக் என்னும் சிற்றூரில் அவன் அடக்கம் செய்யப்பட்டான். நடுகல்லில் வீரன் பெயரைப் பொறிப்பது நம் மரபு. அவன் கல்லில் பெயரோடு அவன் கவிதையின் முதல் வரியும் கடைசி வரியும் உள்ளன.

ஒரே வீட்டில் தந்தை, மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடிய கொடுமையைப் படமெடுத்தார். மகன், மனிதன் எய்தக்கூடிய களிப்பை எழுதினான். மகனின் கையெழுத்துப்படி வாஷிங்டனில் இருக்கிறது. தந்தையின் படக்கருவியை அவருடைய மற்றொரு மகன் டேவிட் பாதுகாத்து, 2002இல் நான்ஜிங் நினைவகத்திற்கு வழங்கினார். இரண்டில் ஒன்றை மட்டும் கண்டு இக்குடும்பத்தை அறிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

இன்னும் ஒன்று. அம்மோதலில் பயிற்சி விமானத்தை ஓட்டிய மாணவ விமானியும் மாண்டான். அவனுக்கும் ஒரு வீடு இருந்தது. அங்கும் தந்தி வந்திருக்கும். அவன் பெயரை ஓதும் மேடை எதுவும் இல்லை. அவனிடமிருந்து கவிதை எதுவும் வரவில்லை என்பதே காரணம். கவிதை ஒருவனை மறதியிலிருந்து காக்கிறது என்று பெருமை கொள்ளும் நாம், அது காவாது விட்டவனையும் இவ்வேளையில் ஒருமுறை நினைப்போம்.