மாத்தளை தந்த முதற் சனாதிபதி

மத்திய அமெரிக்காவிற் சனாதிபதி என்றால் ஆட்சியே அவர் கையில். மாத்தளை ஈன்ற வில்லியம் கோபல்லாவ வகித்ததோ ஆணை செலுத்தாத சனாதிபதிப் பதவி.

1896இல் துல்லேவயிற் பிறந்தவர் அவர். ஆசிரியராயும் வழக்கறிஞராயும் இருந்து, மாத்தளை நகரசபைத் தலைமையை ஏற்றார். 1962இல் எலிசபெத் அரசியாரின் மகாதேசாதிபதி ஆனவர், அப்பதவிக்குரிய சீருடையை நீக்கித் தேசிய உடையையே அணிந்தார். சிறு செய்தியன்று அது. முடியின் பேராளர் குடிமகனின் கோலத்தில் நின்றார்.

1972 மே 22இல் இலங்கை குடியரசாயிற்று. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க நியமிக்க, கோபல்லாவ முதற் சனாதிபதியானார். சிறுபான்மையினருக்குக் காப்பெனக் கருதப்பட்ட 29ஆம் பிரிவு புதிய அரசியலமைப்பில் இல்லை. அதனைத் தடுக்கும் வலிமை அவர் பதவிக்கும் இல்லை. பண்பாளர் ஒருவர் தலைமையில் இருந்தும், தமிழர் மனக்குறை தீர்ந்திலது.

1978 பெப்ரவரி 4இல் நிறைவேற்றதிகாரச் சனாதிபதியாக ஜே. ஆர். ஜயவர்த்தன பொறுப்பேற்றார். கோபல்லாவ 1981இல் மறைந்தார்.