யார் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள்?



போன மாதம் முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். அங்கிருந்த தம்பி, "மிஷினுக்குள்ள திரவ ஹீலியம் இருக்கு சார், அதுதான் காந்தத்தைக் குளிர்ச்சியா வச்சிருக்கு" என்றார். குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தபோது, 1994-இல் எட்டாம் வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி ஞாபகம் வந்தது.

அன்று கரும்பலகையில் கொதிநிலை அட்டவணை எழுதிப் போட்டிருந்தேன். பாதரசம் 357, புரோமின் 59, ஆக்சிஜன் மைனஸ் 183, ஹீலியம் மைனஸ் 269. ஒரு மாணவி எழுந்து, "சார், மைனஸ் 269-ல கொதிக்குதுன்னா, அதை யாரு கொதிக்க வச்சுப் பார்த்தாங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. "பரீட்சைக்கு வராததையெல்லாம் கேட்காதே, உட்கார்" என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்கு வந்தவன் நான். "தெரியாதும்மா, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இப்போது எழுதுகிறேன்.

1823-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே, மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். உள்ளே கூடிய அழுத்தம் அதைச் செய்தது. நம் வீட்டு கேஸ் சிலிண்டரை அசைத்தால் தளதளவென்று கேட்கிறதே, அங்கும் வாயுவைத் திரவமாக வைத்திருப்பது அழுத்தம்தான். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும், குறைந்தால் இறங்கும். குக்கரில் பருப்பு சீக்கிரம் வேவதும் ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தாமதமாக வேவதும் இதனால்தான்.

ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற சில வாயுக்கள் எவ்வளவு அழுத்தினாலும் மசியவில்லை. இவை என்றைக்கும் வாயுதான் என்று எண்ணி 'நிலையான வாயுக்கள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1869-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் காரணத்தைச் சொன்னார்: ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு, அதற்குக் கீழே குளிர வைக்காமல் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. வழி தெரிந்தது. 1883-இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் விரோப்ளெவ்ஸ்கியும் ஒல்ஷெவ்ஸ்கியும் திரவ ஆக்சிஜன் கொதிப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். 1898-இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் ஹைட்ரஜனையும் திரவமாக்கினார். அது கொதிப்பது மைனஸ் 253-இல்.

மிச்சம் இருந்தது ஹீலியம். அதன் கதை நம் பக்கத்திலும் தொட்டுக்கொண்டு போகிறது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை ஆராய, பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. லாக்கியர் அதைப் புதுத் தனிமம் என்றார். 1895-இல் ராம்சே அதைப் பூமியிலேயே ஒரு தாதுவிலிருந்து பிரித்தெடுத்தார்.

அதைத் திரவமாக்க டூவரும், ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸும் போட்டி போட்டார்கள். ஆன்னஸ் அவசரப்படவில்லை. வருடக்கணக்காகக் கருவிகளைச் சேர்த்தார்; ஆய்வகத்திலேயே இளைஞர்களுக்குக் கண்ணாடி வேலையும் கருவி வேலையும் கற்றுக் கொடுத்தார். மோனசைட் மணலிலிருந்து ஹீலியம் எடுத்துச் சேமித்தார்.

1908 ஜூலை 10, காலை 5.45-க்கு வேலை தொடங்கியது. முந்தின நாளே 75 லிட்டர் திரவக் காற்று தயார். மதியத்துக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் சேர்ந்தது. அதில் குளிரவைத்த ஹீலியத்தை அழுத்தி, சிறு துளை வழியே விரியவிட்டு, மேலும் குளிரவைத்தார்கள். மாலையாகியும் ஒன்றும் தெரியவில்லை. வெப்பமானி மட்டும் ஓரிடத்தில் நின்று நகர மறுத்தது. வேடிக்கை பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர், "பாத்திரத்துக்குக் கீழிருந்து விளக்கடித்துப் பாருங்கள்" என்றார். பார்த்தால், திரவம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது! தண்ணீரைவிடத் தெளிவாக இருந்ததால் அதுவரை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. கிடைத்தது சுமார் 60 மில்லி. ஒரு டீ டம்ளர்கூட நிறையாது. அதுதான் மைனஸ் 269-இல் கொதித்துக்கொண்டிருந்தது.

ஹீலியத்துக்கு மட்டும் ஏன் இத்தனை குளிர்? கொதிப்பது என்றால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியிலிருந்து விடுபடுவது. பாதரசத்தில் உலோகப் பிணைப்பு, பிடி வலுவானது. ஹீலியம் அணு மிகச் சிறியது, அதன் இரண்டு எலக்ட்ரான்களும் இறுக்கமாக அடங்கியிருப்பவை. அணுக்களுக்கிடையே ஈர்ப்பு மிகமிக லேசு. சிறிது வெப்பம் பட்டாலே பிரிந்துவிடும். அணு பெரிதாகப் பெரிதாக அந்த ஈர்ப்பு கூடும்: நியான் மைனஸ் 246, ஆர்கான் மைனஸ் 186, செனான் மைனஸ் 108. இந்த லேசான ஈர்ப்பைக் கணக்கில் கொண்டு வந்த வான் டெர் வால்ஸும் ஹாலந்துக்காரர்தான். அவருடைய கணக்கே ஆன்னஸுக்கு வழிகாட்டியது.

அன்று நான் ஓர் அட்டவணையில் எழுதிப்போட்ட ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி எத்தனை பேருடைய ஆயுள் இருக்கிறது! அதை நான் மனப்பாடப் பகுதியாக்கிவிட்டேன்.

அம்மா, இதை நீ படிப்பாயோ தெரியாது. உன் கேள்விக்குப் பதில்: காமர்லிங் ஆன்னஸ், லைடன், 1908. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நம்மைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்