'பதிவு' என்ற சொல்: உறுதி வேறு, உரித்து வேறு

கிண்ணியாவில் காணி பற்றிய பேச்சு எங்கு தொடங்கினாலும் 'பதிவு' என்ற சொல்லில் வந்து நிற்கும். "பதிஞ்ச காணிதான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்பது ஊரின் எண்ணம். ஆனால் சட்டம் இச்சொல்லுக்குத் தரும் பொருள் அத்துணை விரிந்ததன்று.

ஈரமண்ணில் கால் பதிவது போலச் சுவடு விட்டுச் செல்வதே பதிதல். எழுத்தில் சுவடு விடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் ஆவணக்களரி என்ற சொல்லை அறியும். பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலை வேறாக இருந்தது என்பதில்தான் அவ்வழக்கே திரும்பியது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை வாசகர்கள் அறிவர். போர்த்துக்கேயர் வழியாக வந்த 'தோம்பு' என்ற சொல் ஒல்லாந்தர் காலக் காணியேடுகளுக்குப் பெயராகி, இன்று பழைய உறுதிகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இலங்கைச் சட்டத்தில் உறுதி எழுதுவதும் அதைப் பதிவதும் வெவ்வேறு செயல்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியின் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும். அதன்பின் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காணிப் பதிவகத்தில் அக்காணிக்குரிய ஏட்டுப் பக்கத்தில் உறுதி குறிக்கப்படுகிறது. குறிக்கப்படுவது ஆவணமே, உரிமையன்று. குறைபாடுள்ள உறுதியின் குறையைப் பதிவு போக்காது என்று அச்சட்டமே கூறுகிறது. போலி உறுதி பதியப்பட்டாலும் போலிதான்.

அப்படியானால் பதிவினால் பயன் என்ன? முந்துரிமை. ஒரே காணிக்கு இரு உறுதிகள் தோன்றும்போது, விலை கொடுத்து வாங்கிப் பதிந்துகொண்ட பிந்திய உறுதி, பதியப்படாத முந்திய உறுதியை வீழ்த்திவிடும். மோசடியோ கூட்டுச்சதியோ நிரூபிக்கப்பட்டால் மட்டுமே நிலை மாறும். கிழக்கிலங்கை முஸ்லிம்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீடு வளவைப் பெண் மக்களுக்கு எழுதிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். அந்த நன்கொடை உறுதி பதியப்படாமல் அலுமாரிக்குள் உறங்கும்போது, அதே வளவு இன்னொருவருக்கு விற்கப்பட்டு அவர் முதலில் பதிந்துகொண்டால், மகளின் உரிமை ஆட்டங்காணும். குடும்பத்துக்குள் என்னத்துக்குப் பதிவு என்ற பெருந்தன்மைக்கு நீதிமன்றத்தில் இடமில்லை.

பதிந்தவர் வாளாவிருந்து விடலாம் என்பதும் இல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டுவந்தவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரினால் தம் காணிக்குத் திரும்ப இயலாதோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருதி 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வந்தது போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

உரிமையையே அரசு உறுதிப்படுத்தும் பதிவு வேறொன்று. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அதற்கானது. 'பிம் சவிய' என்ற திட்டத்தின் பெயரால் பலரும் அறிந்திருப்பர். அங்கு காணி அளக்கப்பட்டு, கோரிக்கைகள் விசாரிக்கப்பட்ட பின்னரே உரித்துச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அரச காணிக்கான பெர்மிட் இவ்விரண்டிலும் சேராது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அந்த அனுமதிப்பத்திரத்தை நொத்தாரிசு உறுதியைப் போல எழுதி விற்க முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவருக்கு அத்தாள் உரித்தாகாது.

போர்க்கால இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் உறுதிகளைப் பறிகொடுத்தோர் இங்கு பலர். உறுதி தொலைந்தால் காணியும் தொலைந்தது என எண்ணுவது தவறு. நொத்தாரிசு உறுதியை மூன்று பிரதிகளாக எழுதுகிறார். மூலம் உரியவரிடம், ஒன்று நொத்தாரிசிடம், மற்றொன்று அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு. பாலம் திறக்கப்பட்ட 2009க்கு முன்னர் பாதையேறித் துறை கடந்தோ, தரைவழியே சுற்றியோ திருகோணமலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் இன்றில்லை. காணியின் பெயர், எல்லைகள், முன்னைய உடைமையாளர் பெயர், பழைய உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுள் கிடைப்பதை எடுத்துச் சென்று ஏட்டைத் தேடுவித்து, உரிய கட்டணம் செலுத்தினால் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். பிரதியோடு நின்றுவிடாமல் ஏட்டுப் பக்கத்தின் சாற்றையும் கேட்டு வாங்குதல் நலம். ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வேறெவர் பெயரிலாவது பிந்திய உறுதி ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.