மூலக்கூறிடை விசைகள்

ஒரு பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் மின் விசைகள் மூலக்கூறிடை விசைகள் எனப்படும். மூலக்கூறுக்கு உள்ளே அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் வேதிப்பிணைப்பு வேறு, இது வேறு. மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்துவிடுவதில்லை. மேலே எழும் ஆவியும் தண்ணீரேதான். மூலக்கூறுகளுக்கு நடுவே இருந்த பிடி மட்டுமே விடுபடுகிறது. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறக்குறைய 460 கிலோஜூல் தேவை. அண்டை மூலக்கூறோடு உள்ள பிடியை விடுவிக்கச் சுமார் 20 கிலோஜூல் போதும். இந்த மெல்லிய பிடியே ஒரு திரவம் எப்போது கொதிக்கும், எப்படி ஓடும், எதில் ஒட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த ஈர்ப்பைக் கணக்கில் சேர்த்து, வாயுவையும் திரவத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் யோஹன்னஸ் வான் டெர் வால்ஸ். 1873இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு அது. அதன் தொடர்ச்சியான பணிக்காக 1910இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவானது லண்டன் விசை. எலக்ட்ரான் முகில் கணத்துக்குக் கணம் ஒருபுறம் சாய்கிறது. அந்தச் சாய்வு பக்கத்து மூலக்கூறிலும் ஒரு சாய்வைத் தூண்ட, இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் இதைக் குவாண்டம் இயக்கவியல் வழியே விளக்கினார். முகில் பெரிதாக ஆக, பிடி இறுகும். அறை வெப்பநிலையில் குளோரின் வாயுவாகவும் புரோமின் திரவமாகவும் அயோடின் திண்மமாகவும் இருப்பது இதனால்தான். நிலையான மின்முனைகள் கொண்ட மூலக்கூறுகளில் இதோடு இருமுனை ஈர்ப்பும் சேரும். ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளூரின் இவற்றில் ஒன்றோடு பிணைந்த ஹைட்ரஜன், அண்டை மூலக்கூறில் உள்ள இத்தகைய அணுவை ஈர்ப்பது ஹைட்ரஜன் பிணைப்பு.

மூலக்கூறின் எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் ஒரு வாயுவாக இருந்திருக்க வேண்டும். அதே தனிமக் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்பைடு –60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீரோ ஹைட்ரஜன் பிணைப்பின் பலத்தால் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. இன்னும் தெளிவான சான்று எத்தனாலும் டைமெத்தில் ஈதரும். இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. எத்தனாலில் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு பிணைந்திருப்பதால் அது 78 டிகிரியில் கொதிக்கிறது. ஈதரில் அப்படி ஒரு ஹைட்ரஜன் இல்லை. அது –24 டிகிரியில் ஆவியாகிவிடும்.

மூலக்கூறின் வடிவமும் முக்கியம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். அதே அலமாரியில் நல்லெண்ணெய் எப்போதும்போல் ஓடும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் பெரும்பாலானவை நேரானவை. அடுக்கிய விறகுபோல நெருங்கிப் படிவதால் லண்டன் விசை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடுகிறது. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பலவும் இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் வளைந்தவை. அவை நெருங்கிப் படிவதில்லை.

திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே பிடிக்க ஆள் இல்லை. அதனால் பரப்பு முடிந்தவரை சுருங்கப் பார்க்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 20 டிகிரியில் தண்ணீருக்கு இது மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், எத்தனாலுக்குச் சுமார் 22. இதை அளந்தறிந்த வரலாற்றில் ஆக்னஸ் போக்கெல்ஸின் பெயரைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பல்கலைக்கழகக் கல்வி பெற வழியில்லாமல் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டே, எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரின் பரப்பை எப்படி மாற்றுகிறது என்று தகரத் தொட்டியில் அளந்து பார்த்தவர் அவர். முடிவுகளை இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, ராலேயின் முயற்சியால் 1891இல் அது ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பரப்பு வேதியியலின் தொடக்கப் பக்கங்களில் அந்தக் கடிதத்துக்கு நிலையான இடம் உண்டு.

மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிச் செல்வதற்கு உள்ள தடை பாகுத்தன்மை. மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட கிளிசரின், 20 டிகிரியில் தண்ணீரைவிட ஏறத்தாழ 1400 மடங்கு பாகானது. சூடேறினால் பிடி தளர்ந்து திரவம் இளகும்.

திரவம் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் வலுவும், தொடும் பொருளைப் பிடிக்கும் வலுவும் போட்டியிடும் இடம் நுண்புழை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓரங்களில் ஏறி நடுவில் குழிகிறது. பாதரசம் தன் அணுக்களையே இறுகப் பற்றுவதால் ஓரம் தாழ்ந்து நடுவில் புடைக்கிறது. அகல் விளக்கின் திரி நூல்களுக்கு இடையே எண்ணெய் சுடர்வரை ஏறுவதும் இதே முறையில்தான்.

ஆவியாக வேண்டுமென்றால் ஒரு மூலக்கூறு அண்டையாரின் பிடியிலிருந்து விடுபட்டுப் போக வேண்டும். அதற்கான ஆற்றலைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். 100 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் ஈரம் சொற்பம்தான். ஆனால் ஒவ்வொரு துளியும் இவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால், உள்ளே இருக்கும் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருக்கிறது.