உலர்ந்த திராட்சை ஒயின் செல்லுமா?

இத்தாலியில் வெரோனா பக்கம் வால்பொலிசெல்லா என்று ஒரு மலையடிவாரம். அங்கே அமரோனே என்ற சிவப்பு ஒயின் ரொம்பப் பிரபலம். பறித்த திராட்சையை உடனே பிழிய மாட்டார்கள். காற்றோட்டமான பரணில் பரப்பி மூன்று நான்கு மாதம் வாட விடுவார்கள். 100 கிலோ வைத்தால் 60, 70 கிலோதான் தேறும். என்னைப் போன்ற பேங்க் ஆசாமிக்கு இது நஷ்டக் கணக்கு! ஆனால் போவது தண்ணீர், சர்க்கரை நின்றுவிடும். அதை முழுக்கப் புளிக்கவிட்டால் லேசாகக் கசக்கும் அமரோனே. பாதியில் நிறுத்தினால் இனிக்கும் ரெச்சோத்தோ.

அமரோனே என்ற பெயர் 1936இல் வந்ததுதான். வித்தை பழசு. ஆறாம் நூற்றாண்டிலேயே கசியோதோரஸ் என்ற அரசு அதிகாரி வெரோனாவின் உலர் திராட்சை ஒயினைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

மலையாளக் கரையின் சிரியன் கிறிஸ்தவர்களுக்குப் பூசைக்குத் திராட்சை ஒயின் வேண்டும். அங்கே திராட்சை கிடையாது. கப்பலில் வரும் உலர் திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றையே வைத்தார்கள். கொடுங்கல்லூரிலிருந்து யோசேப்பு என்ற பாதிரியார் 1501இல் கப்ராலின் கப்பலில் லிஸ்பன் சென்றார். பிறகு ரோம், வெனிஸ். அவர் சொன்ன விவரங்கள் 1507இல் விசென்சாவில் அச்சாயின. இந்த ஊறல் விஷயமும் அதில் உண்டு. விசென்சா, வெரோனாவுக்குப் பக்கத்து ஊர்!

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். சந்திரகிரியில் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் தர்பாருக்கு 1598இல் ஏசு சபைப் பாதிரிமார் வந்தார்கள். நல்ல வரவேற்பு. ஆனாலும் அங்கே அவர்கள் விருந்தாளிகள்தான். அரசர் அனுமதித்தால்தான் எதுவும் நடக்கும். மலையாளக் கரையில் கதை வேறு. அடுத்த வருஷமே, 1599 ஜூனில், கோவா பேராயர் மெனேசஸ் உதயம்பேரூரில் சபையைக் கூட்டி உத்தரவுகள் போட்டார். அதில் ஒன்று, பூசைக்கு இனி போர்த்துக்கல் ஒயின்தான். ஆண்டுதோறும் மஸ்கட்டல் ஒயின் அனுப்பும்படி போர்த்துக்கல் அரசரைக் கேட்டுக்கொள்வது என்றும் முடிவு. (பீப்பாய் என்ற சொல்லே போர்த்துக்கீசியர் தந்ததுதான்.)

கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளூர்க் கடையில் வாங்கி, வீட்டுப் பாத்திரத்தில் ஊறவைத்த சமாச்சாரம். இப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஒரே ஒரு சப்ளையரின் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒயினை மாற்றியது மட்டுமா? சாவியும் கை மாறிவிட்டது.

1653இல் கூனன் குரிசு சத்தியம் செய்து ஒரு பெரும்பகுதியினர் விலகினார்கள். அவர்கள் வழிவந்த யாக்கோபிய, ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் உலர் திராட்சையை ஊறவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 1706இல் ரோமாபுரியே ஒரு தீர்ப்புச் சொன்னது. உலர் திராட்சையில் செய்தாலும், நிறத்திலும் ருசியிலும் அது உண்மையான ஒயின் என்று தெரிந்தால் பூசைக்குச் செல்லும்!

வெளிநாட்டில் கிடைத்ததை வைத்துப் பொங்கலும் படையலும் நடத்துகிற நமக்கு, அந்த ஊறல் பாத்திரத்தின் நியாயம் புரியும். உங்கள் வீட்டில் எதற்கு எது மாற்று?