ஆயரின் கேடயம் சொல்லும் செய்தி

ஆயர் ஆண்டகையின் சுற்றுமடல் பலிபீடத்தில் வாசிக்கப்படும்போது நாம் பக்தியோடு செவிமடுக்கிறோம். ஆனால் அந்த மடலின் தலைப்பில் விளங்கும் சின்னத்தை உற்று நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்? நடுவில் கேடயம், பின்னே சிலுவை, மேலே அகன்ற பச்சைத் தொப்பி, இருபுறமும் குஞ்சங்கள், அடியில் ஒரு விருதுவாக்கு. ஏழைத் தச்சரின் மகனாகக் கருதப்பட்ட இயேசுவின் ஊழியருக்குப் பிரபுக்களின் சின்னம் ஏன் என்று கேட்பாரும் உண்டு.

12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர் முகம் மறையும் இரும்புக் கவசம் பூண்டனர். ஆளை அடையாளம் காணக் கேடயத்தில் சின்னம் தீட்டினர். அதுவே நாளடைவில் பிரபுக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாயிற்று. ஆயர்களின் முத்திரைகளிலும் இடம்பெற்றது. ஆயினும் திருச்சபை போர்த் தலைக்கவசத்தை விலக்கி, குருத்துவத் தொப்பியை அங்கே வைத்தது. ஆயருக்குப் பக்கத்துக்கு 6 குஞ்சங்கள், பேராயருக்கு 10, கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பியும் 15 குஞ்சங்களும். பேராயரின் சிலுவைக்குக் குறுக்குக் கட்டை இரண்டு.

1951-இல் ஆயர்கள் பிரபுப் பட்டங்களையும் அவற்றுக்குரிய கிரீடங்களையும் பயன்படுத்தலாகாதென உரோமை தடைசெய்தது. 1969-இல் கேடயத்தின் மேல் தலைப்பாகையும் செங்கோலும் வேண்டாமென்றது. 6-ஆம் சின்னப்பர் 1964-இல் தம் மும்முடியைத் துறந்தார். 2005-இல் 16-ஆம் ஆசீர்வாதப்பர் அதைத் தம் கேடயத்திலிருந்தும் நீக்கி, ஆயருக்குரிய தலைப்பாகையை வைத்தார்.

புதிய ஆயர் இச்சின்னத்தை எந்த அரசரிடமும் கேட்டுப் பெறுவதில்லை. தாமே சிந்தித்து, செபித்துத் தேர்ந்துகொள்கிறார். கலை வல்லோர் வரைந்து கொடுக்கின்றனர். பேராயர் புரூனோ ஹைம் நான்கு பாப்பரசர்களுக்கு இப்பணியாற்றினார். அவர்களுள் ஒருவரான 2-ஆம் அருளப்பர் சின்னப்பரின் நீலக் கேடயத்தில் பொற்சிலுவையும், அதன் அடியில் மரியாளின் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே. கல்வாரியில் நின்ற தாயை அது நினைவூட்டுகிறது. பிரான்சிஸ் பாப்பரசர் இயேசு சபையின் சின்னத்தோடு தேவதாய்க்கு விண்மீனையும் சூசையப்பருக்கு நறுந்தைல மலரையும் சேர்த்தார். 2025-இல் தெரிவான 14-ஆம் சிங்கராயர் தம் அகுஸ்தீன் சபையின் அம்பு தைத்த இருதயத்தை ஏற்றார்.

ஆகவே, அன்பர்களே, இக்கேடயம் குலப்பெருமை பேசுவதன்று. மந்தையின் முன் மேய்ப்பர் எழுதிக் கொடுத்த வாக்குறுதி. இனி அதைக் காணும்போது விருதுவாக்கை வாசிப்போம். அதன்படி வாழ அவருக்கு வரம் கேட்டு ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்வோம்.